பத்மினியின் டிஸ்ட்ரிபியூட்டர்

பெட்ரோல் என்ஜினில் எந்த சிலிண்டருக்கு, எந்தக் கணத்தில் தீப்பொறி போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும் பாகம் டிஸ்ட்ரிபியூட்டர். கைக்குள் அடங்கும் ஓர் உலோக உடல், அதன் தலையில் பழுப்பு அல்லது கறுப்பு நிற பேக்லைட் மூடி, மூடியின் நடுவில் காயிலிலிருந்து வரும் ஒரு தடித்த ஒயர், சுற்றிலும் ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் நான்கு ஒயர்கள். பழைய காரின் பானெட்டைத் திறந்ததும் சிலந்தி உட்கார்ந்திருப்பதுபோல் கண்ணில் படுவது இதுதான். இன்றைய கார்களில் இந்த வேலையை சென்சாரும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. அதனால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிச் சீர்செய்து மாட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

மும்பையின் மாட்டுங்காவில் இந்தப் பேச்சை எடுத்தால் அது பிரீமியர் பத்மினியில்தான் போய் நிற்கும். வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா தொழிற்சாலை மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. இத்தாலியின் ஃபியட் 1100 காரை அங்கே செய்தார்கள். அதே கார் 1972-ல் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974-ல் பிரீமியர் பத்மினி ஆனது. சொந்தக் காராக மாட்டுங்காவின் அடுக்ககங்களில் நின்றதைவிட, கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வந்த பத்மினிகளே அதிகம். மும்பையில் டாக்ஸியின் ஆயுள் 20 ஆண்டு என்பது விதி. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது, 2023 அக்டோபர் இறுதியோடு அதன் காலமும் முடிந்தது. இன்று ஓடுபவை ஆசையாக வைத்திருப்பவர்களின் வண்டிகள். அந்த வண்டிகளில் அதிகம் திட்டு வாங்குவது கார்புரேட்டர். ஆனால் பல நேரம் குற்றம் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது.

பத்மினியின் என்ஜின் 1089 சி.சி., நான்கு சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு கிராங்க்கின் பாதி வேகத்தில், கேம் ஷாஃப்டோடு இணைந்து சுழல்கிறது. தண்டின் மேல் பகுதியில் நான்கு முனை கொண்ட ஒரு கேம். ஒவ்வொரு முனையும் வரும்போது, மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்றும் சி.பி. பாயிண்ட் என்றும் சொல்லும் தொடுமுனை திறக்கும். அது மூடியிருக்கும் வரை காயிலின் முதல் சுற்றில் 12 வோல்ட் மின்சாரம் ஓடி காந்தப்புலம் கட்டிக்கொண்டிருக்கும். திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிந்து, இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும்பும். அதை மூடியின் நடு ஒயர் உள்ளே கொண்டுவர, சுழலும் ரோட்டர் உரிய பிளக்கின் ஒயருக்குத் தள்ளிவிடும். பாயிண்ட் திறக்கும்போது அதன் முகத்தில் பொறி பறந்து கருகாமல் காப்பது பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உருளை, கண்டென்சர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி கேடிலாக் கார்களுக்கு வடிவமைத்த இந்த ஏற்பாடு, அடிப்படை மாறாமல் எழுபது ஆண்டுக்கு மேல் உலகெங்கும் ஓடியது.

நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு விநாடிக்கு 100 தீப்பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே விநாடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் பாயிண்ட் மூடி, காயில் நிரம்பி, மறுபடி திறந்தாக வேண்டும். இவ்வளவையும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியும் நடத்திக்காட்டுகின்றன.

பொறி விழும் நேரம் வேகத்துக்கு ஏற்ப மாறவும் வேண்டும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை எரிந்து முடிய ஏறத்தாழ ஒரே அளவு நேரம் எடுக்கிறது. என்ஜினோ வேகம் கூடக்கூட அந்த நேரத்துக்குள் அதிகத் தூரம் சுற்றிவிடுகிறது. 800 சுற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு கிராங்க் 5 டிகிரிகூடத் திரும்பாது. 3000 சுற்றில் அதே மில்லிவிநாடிக்கு 18 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் அதன் தலையில் முழுதாக விழ வேண்டுமென்றால், வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இதைத்தான் அட்வான்ஸ் என்கிறார்கள். பாயிண்ட் தட்டுக்குக் கீழே இரண்டு சிறு எடைக்கட்டிகள் ஸ்பிரிங்கில் பிணைத்துக் கிடக்கும். தண்டு வேகமாகச் சுழலும்போது அவை வெளியே விரிந்து கேமைச் சற்று முன்னே திருப்பும். அம்பாசடர் காரில் இருந்த லூகாஸ் நிறுவன வகையில் கூடுதலாக ஒரு வேக்குவம் டப்பா உண்டு. ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து சீராக ஓடும்போது கார்புரேட்டரின் உறிஞ்சலால் அது பாயிண்ட் தட்டையே இழுத்து, இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் சேர்க்கும். எடைக்கட்டிகளின் கனமும் ஸ்பிரிங்குகளின் விறைப்பும் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு வைத்தவை. இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கலாம். உள்ளே அவை வேறு வேறு என்ஜினின் குணத்தைச் சுமந்திருக்கும். மாற்றும் வேலையில் மிகச் சுலபமாக மறந்துபோவது இதுதான்.

பாயிண்ட் கருகினால் மாற்றலாம், கண்டென்சர் செத்தால் மாற்றலாம். மெதுவாக, வெளியே தெரியாமல் தேய்வது தண்டு சுழலும் புஷ். லூகாஸ் வகையில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. புஷ் தேய்ந்து தண்டு ஒரு பக்கம் 0.1 மி.மீ. ஆடினால், அந்த இடைவெளியில் கால் பங்கு போய்விட்டது என்று பொருள். அப்போது ஒரு சிலிண்டருக்குப் பொறி முன்னே விழும், இன்னொன்றுக்குப் பின்னே விழும். ஐடில் நடுங்கும், பிக்கப் இருக்காது, ஃபீலர் கேஜ் வைத்து எத்தனை முறை செட் செய்தாலும் மறுவாரம் பழைய கதையாகும். மூடியைக் கழற்றி, ரோட்டரை எடுத்துவிட்டு, தண்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் போதும். சுற்றுவாக்கில் அது கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங்கில் பழைய இடத்துக்கு வர வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆடவே கூடாது. டக் டக்கென்று விரலில் தட்டினால் புஷ் போய்விட்டது. கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. இதற்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

மும்பையில் இதற்கு மேல் மழையும் சேர்ந்துகொள்கிறது. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் பெருமழைக்கு முதலில் தண்ணீர் தேங்கும் இடங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் படிந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே உடலுக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி எடுக்காது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் பெரும்பாலும் வண்டி எடுத்துவிடும். எடுக்கவில்லை என்றால் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். முடியளவு மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கோ, விளிம்புக்கோ ஓடியிருந்தால், மின்சாரம் அங்கே தனக்கு ஒரு பாதை போட்டுக்கொண்டது. அந்தக் கோடு துடைத்தால் போகாது. மூடியை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டியில் இருப்பது யாருடைய தயாரிப்பு என்பது. ஃபியட் 1100-ல் இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி டிஸ்ட்ரிபியூட்டர் வந்தது. இந்தியாவில் கார்களுக்கான மின்பாகங்களைச் செய்ய, பிரிட்டனின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியிலுள்ள அதன் தொழிற்சாலையிலிருந்து வந்த டிஸ்ட்ரிபியூட்டர்கள் இந்தியக் கார்களில் நெடுங்காலம் ஓடின. மரெல்லியின் மூடி லூகாஸுக்குச் சேராது. ரோட்டரும் பாயிண்ட்டும் அப்படியே. ‘பத்மினிக்கு ஒரு ரோட்டர்’ என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் மாட்டிப் பார்த்து, திரும்பவும் கடைக்கு ஓடுவதற்கு இதுவே காரணம். பழையதைக் கையில் எடுத்துப்போவதுதான் சரி.

உடல் உடையாமல் இருந்தால், பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பித்துக்கொள்வதே எல்லா வழியிலும் நல்லது. லேத் பட்டறையில் புது வெண்கலப் புஷ் கடைந்து போடலாம். எடைக்கட்டிகளின் அச்சில் இறுகிப்போன கிரீஸைக் கழுவி, புதிய எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். வேக்குவம் டப்பா இருந்தால் அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கலாம்: தட்டு நகர்ந்து, குழாயை நாக்கால் அடைத்திருக்கும் வரை அங்கேயே நின்றால் உள்ளே இருக்கும் சவ்வு நன்றாக இருக்கிறது. ஓரிரு நாள் பட்டறை வேலைதான். அந்த என்ஜினுக்கென்று கணக்கிட்ட அட்வான்ஸ் அப்படியே கையில் தங்கும்.

அடுத்த வழி, உடலை வைத்துக்கொண்டு பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போடுவது. பாயிண்ட்டும் கண்டென்சரும் இருந்த இடத்தில் ஒரு சின்ன சென்சார் உட்காரும். கேமின் மேல் ஒரு காந்த வளையம் ஏறும். காந்தம் கடக்கும்போது சென்சார் அதை உணர்ந்து காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும். உரசும் பாகம் இல்லாததால் இடைவெளி மாறாது, அடிக்கடி செட்டிங் பார்க்க வேண்டாம். ஆனால் புஷ் தேய்ந்த தண்டில் இதைப் போட்டால் நோய் மறைந்திருக்கும், தீராது. முதலில் புஷ், பிறகு கிட்.

கிட் போடும்போது காயிலைக் கவனிக்காதவர்கள் நஷ்டப்படுகிறார்கள். பாயிண்ட் காலத்து வழக்கமான காயிலின் முதல் சுற்றில் 3 ஓம் அளவு தடை இருக்கும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். பாலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் 8 ஆம்பியர் ஓடி, கிட்டும் காயிலும் சூடேறிக் கருகும். என்ஜின் நின்றிருக்கும்போது சாவியை ஆனில் விட்டுவிட்டுப் போவதும் சில கிட்டுகளுக்கு எமன். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான கிட்டை அதில் இணைத்தால் அந்த நொடியே போய்விடும். வெறும் செம்புக் கம்பி உள்ள பழைய பிளக் ஒயர்களும் சென்சாரைக் குழப்பும். தடை சேர்த்த ஒயர்களுக்கு மாறிக்கொள்ள வேண்டும். கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போடாமல் டிக்கியில் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. கிட் வழியில் செத்தால் அங்கே ரிப்பேர் செய்ய முடியாது. பாயிண்ட்டை பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டி வீடு வந்து சேரலாம்.

வேறொரு காரின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டுவந்து பொருத்துவது மூன்றாவது வழி. குர்லாவின் பழைய பாகச் சந்தையில் கிடைத்தது, துளையில் இறங்கியது, வண்டியும் எடுத்தது என்பதோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது போதாது. தண்டின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். நீளம் கூடினால் அடியில் முட்டி, மேலே உடலைப் பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்கும்போது தண்டு பிடித்துக்கொள்ளும். குறைந்தால் பற்சக்கரம் நுனியில் மட்டும் கடித்துத் தேயும். பல என்ஜின்களில் அதே இணைப்புதான் ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. அங்கே பல் போனால் என்ஜினுக்கே ஆபத்து. சுழலும் திசை இன்னொரு கண்ணி. இடம் சுற்றும் என்ஜினில் வலம் சுற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டு, ஒயர்களை வரிசை மாற்றிச் செருகினால் வண்டி ஓடவே செய்யும். ஆனால் எடைக்கட்டிகள் விரியும்போது கேமைப் பழைய திசையிலேயே திருப்பும். முன்னே போக வேண்டிய பொறி வேகம் ஏற ஏறப் பின்னே போகும். என்ஜின் சூடாகும், இழுவை செத்துப்போகும், காரணம் மட்டும் பிடிபடாது. வேக்குவம் டப்பா உள்ள டிஸ்ட்ரிபியூட்டரை, அதற்கான துளை இல்லாத கார்புரேட்டரோடு சேர்த்தால் அந்தப் பங்கு அட்வான்ஸும் கிடைக்காது.

பாகம் மாறாமலே அட்வான்ஸின் கணக்கு மாறுவதும் உண்டு: மும்பை டாக்ஸிகளில் எரிபொருளே மாறியது. காற்று மாசு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டதைத் தொடர்ந்து, 2000-களின் தொடக்கத்தில் பழைய டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறின. அந்த வாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும். ஆகவே பொறி இன்னும் முன்கூட்டி விழ வேண்டும். பொறி தாவ அதிக வோல்ட்டேஜும் தேவை. பெட்ரோலில் சமாளித்துக்கொண்டிருந்த விரிசல் மூடியும் பழைய ஒயரும் சி.என்.ஜி.யில் உடனே மிஸ்ஸிங் காட்டுவது இதனால்தான். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அட்வான்ஸைக் கூட்டி வைத்தால் வாயுவில் நன்றாக ஓடும். சுவிட்சைத் தட்டி பெட்ரோலுக்கு மாறினால் ஏற்றத்தில் டிக் டிக்கென்று நாக்கிங் கேட்கும். எடைக்கட்டி வைத்த டிஸ்ட்ரிபியூட்டரால் இரண்டு எரிபொருளுக்கும் தனித்தனிக் கணக்கு போட முடியாது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

டிஸ்ட்ரிபியூட்டரையே விட்டுவிட்டு, கிராங்க் புல்லியில் பற்சக்கரமும் சென்சாரும் வைத்து, நிரல் எழுதிய கருவியால் காயில்களை இயக்குவோரும் உண்டு. பொறியின் துல்லியத்துக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் அது காரின் பழைமையோடு ஒட்டாது. 50 ஆண்டு கடந்த கார்களை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் வந்த மத்திய விதிகள், சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. பழையபடி திருப்பிவிடக்கூடிய மாற்றமே அப்படிப்பட்ட காருக்குப் பாதுகாப்பு.

எந்த வழியானாலும் கழற்றி மாட்டும் முறை ஒன்றுதான். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். விரலைக் காற்று வெளியே தள்ளினால் அது கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக். அப்படியே மெல்லச் சுற்றி புல்லியின் குறியை டைமிங் குறிக்கு நேரே நிறுத்த வேண்டும். மூடியைத் தூக்கி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உடலில் ஒரு பெயின்ட் கோடு; உடலுக்கும் என்ஜினுக்கும் சேர்த்து இன்னொரு கோடு. பிளக் ஒயர்களில் எண். இதற்குப் பிறகே கிளாம்ப்பைத் தளர்த்த வேண்டும். வெளியே எடுத்தபின் யாரும் கிராங்க்கைத் திருப்பிவிடக் கூடாது. அம்பாசடரில் தண்டின் அடிநாக்கு நடுவிலிருந்து சற்று விலகி அமைந்திருப்பதால் ஒரே நிலையில்தான் இறங்கும். சாய்ந்த பற்களோடு இறங்கும் வகையில், உள்ளே போகப்போக ரோட்டர் கொஞ்சம் திரும்பும். அந்த அளவை முன்பே கணக்கிட்டு, கோட்டுக்குச் சற்று முன்னால் பிடித்து இறக்க வேண்டும்.

பாயிண்ட் வைத்த வண்டியில் டைமிங் பார்க்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். பல்பின் ஒரு ஒயர் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனையில், இன்னொன்று பாடியில். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே கிளாம்ப்பை இறுக்க வேண்டும். எலக்ட்ரானிக் கிட்டுக்கு இது பொருந்தாது. என்ஜின் ஓடும்போது டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துத்தான் பார்க்க வேண்டும். அதே லைட்டை வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் குறி சீராக முன்னே நகர வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். குறி இரட்டையாகத் தெரிந்து துள்ளினால் தண்டு ஆடுகிறது. நகராமலே நின்றால் எடைக்கட்டிகள் சிக்கியிருக்கின்றன.

பட்டறையில் எல்லாம் சரியாக வந்த பிறகும் கிளாம்ப்பின் நட்டுக்கான ஸ்பேனரைக் கையோடு எடுத்துக்கொண்டு, என்ஜின் நன்றாகச் சூடேறியதும் வண்டியை ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். டாப் கியரில் மெதுவாகப் போய் முழுதாக மிதிக்கும்போது, லேசாக ஓரிரு முறை தட்டி உடனே அடங்கினால் டைமிங் சரி. விடாமல் தட்டினால் இறங்கி, உடலை ரோட்டர் சுற்றும் திசையிலேயே நூலளவு திருப்பி இறுக்க வேண்டும். சத்தமே இல்லாமல் வண்டி சோம்பலாக ஏறினால் எதிர்த்திசையில்.